பன்னிரண்டு வோல்ட்டின் விலை

ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கும் மனித உடல், மின்சாரத்தின் கணக்கில், ஏறத்தாழ 1,000 ஓம் மின்தடை கொண்ட ஒரு கடத்தி. வீட்டு இணைப்பின் 230 வோல்ட் அழுத்தம் அந்த உடலின் வழியே மண்ணுக்கு இறங்கினால், ஓமின் விதிப்படி 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாயும். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே கைத் தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகிறது. 30 மில்லி ஆம்பியரைத் தாண்டிய மின்னோட்டம் நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடக்கூடும் என்பதால்தான், வீடுகளில் பொருத்தப்படும் மின்கசிவுத் துண்டிப்பானாகிய ஆர்.சி.சி.பி. அந்த அளவிலேயே இணைப்பை அறுக்குமாறு அமைக்கப்படுகிறது. அதே உடலின் மீது 12 வோல்ட் மட்டும் பட்டால் பாயக்கூடியது 12 மில்லி ஆம்பியர். உண்மையில் அதுகூடப் பாய்வதில்லை, ஏனெனில் அழுத்தம் குறையும்போது தோலின் தடை கூடுகிறது. மண்வெட்டி விழும் இடத்திலும், குழந்தைகள் ஓடும் புல்தரையிலும், தண்ணீர் தேங்கும் பாத்தியிலும் விளக்கு எரிய வேண்டுமானால் அதை 12 வோல்ட்டில் எரிப்பதே நல்லது என்ற முடிவு இந்த எளிய வகுத்தலிலிருந்து பிறந்தது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு இலவசமாகக் கிடைப்பதில்லை. மின்திறன் என்பது அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வரும் தொகையாதலால், அழுத்தத்தை 230இலிருந்து 12ஆகக் குறைத்தால், அதே வெளிச்சத்துக்கு ஏறத்தாழ 19 மடங்கு மின்னோட்டம் தேவைப்படுகிறது. 60 வாட் விளக்குத் தொகுதி ஒன்று வீட்டு இணைப்பில் கால் ஆம்பியரைச் சற்றே தாண்டிய மின்னோட்டத்தில் எரிந்துவிடும். 12 வோல்ட்டில் அதற்கு 5 ஆம்பியர் வேண்டும். கம்பியின் தடிமன், விளக்குகளை வரிசைப்படுத்தும் முறை, ஃபியூஸின் இடம், இணைப்புகளின் தரம் என்று தோட்ட விளக்கு அமைப்பில் எழும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த 5 ஆம்பியரிலிருந்தே கிளைக்கின்றன. மின்மாற்றியைத் தேர்ந்தெடுப்பவர் பெட்டியின் மேல் அச்சிட்ட வோல்ட் அளவை மட்டும் பார்ப்பதும், அந்தப் பெட்டியிலிருந்து புறப்படும் ஆம்பியரை மறந்துவிடுவதும்தான் விளக்குகள் மங்கி எரிவதற்கு முதற் காரணம்.

அழுத்தத்தைக் குறைக்கும் கருவியான மின்மாற்றியின் கொள்கை மைக்கேல் பாரடே 1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டனில் செய்த சோதனையில் வெளிப்பட்டது. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கங்களிலும், ஒன்றையொன்று தொடாதவாறு, துணியால் காப்பிடப்பட்ட செப்புக் கம்பிச் சுருள்களை அவர் சுற்றினார். ஒரு சுருளை மின்கலத்தோடு இணைத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும் மட்டும் மற்றச் சுருளில் மின்னோட்டம் தோன்றியது. இடைப்பட்ட நேரத்தில் ஒன்றும் நிகழவில்லை. இரும்பின் ஊடே செல்லும் காந்தப் பாயம், அதாவது காந்தப்புலத்தின் மொத்த அளவு, மாறிக்கொண்டிருக்கும்போதுதான் இரண்டாம் சுருளில் அழுத்தம் தூண்டப்படுகிறது என்பது இதன் பொருள். இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கப்படும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் திசைமாறுவதால், பாரடே கையால் செய்த இணைப்பையும் துண்டிப்பையும் அது தானாகவே இடைவிடாது செய்துகொண்டிருக்கிறது. நடைமுறைக்கு ஏற்ற, மூடிய உள்ளகம் கொண்ட மின்மாற்றியை 1885இல் புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த சிபெர்னோவ்ஸ்கி, பிளாத்தி, டேரி ஆகிய மூவரும் உருவாக்கினர்.

மின்மாற்றியின் ஒவ்வொரு சுற்றிலும் தூண்டப்படும் அழுத்தம் ஒன்றே என்பதால், சுற்றுகளின் எண்ணிக்கை விகிதமே அழுத்தங்களின் விகிதமாகிறது. 10 சதுர சென்டிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள இரும்பு உள்ளகத்தில், வழக்கமாகக் கொள்ளப்படும் 1.2 டெஸ்லா காந்தச் செறிவில், 50 சுழற்சி மின்சாரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.27 வோல்ட்டைத் தூண்டுகிறது. ஆகவே 230 வோல்ட்டை ஏற்கும் முதன்மைச் சுருளுக்கு 860 சுற்றுகள் அளவிலும், 12 வோல்ட்டைத் தரும் துணைச் சுருளுக்கு வெறும் 45 சுற்றுகள் அளவிலும் போதும். பழுதான மின்மாற்றி ஒன்றைப் பிரித்துப் பார்ப்பவர் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே காணலாம்: முதன்மைச் சுருளில் தலைமுடியைவிடச் சில மடங்கு தடித்த எனாமல் கம்பி அடுக்கடுக்காகக் கிடக்கும், துணைச் சுருளிலோ தீக்குச்சித் தடிமனை நெருங்கும் கம்பி சில அடுக்குகளில் முடிந்துபோகும்.

சுற்று விகிதத்தைவிட முக்கியமான செய்தி ஒன்று பாரடேயின் வளையத்திலேயே இருக்கிறது: இரு சுருள்களும் ஒன்றையொன்று தொடவில்லை. தோட்டத்துக்குச் செல்லும் மின்சாரத்துக்கும் தெருக் கம்பத்திலிருந்து வரும் மின்சாரத்துக்கும் இடையே உலோகத் தொடர்பே இல்லை. காந்தம் மட்டுமே பாலமாக நிற்கிறது. ஒரே சுருளின் நடுவில் கிளை எடுத்து அழுத்தத்தைக் குறைக்கும் தன்மின்மாற்றி என்றொரு வகை உண்டு. அது சிறியது, மலிவானது, ஆனால் அதில் இந்தப் பிரிவு கிடையாது. அதன் பொதுக் கம்பி எங்கேனும் அறுந்தாலோ, பிளக்கைத் திருப்பிச் செருகியதால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலோ, 12 வோல்ட் என்று நம்பித் தொடும் கம்பியில் முழு 230 வோல்ட் நிற்கும். தோட்டத்துக்கு வாங்கப்படும் மின்மாற்றி, சர்வதேச மின்தொழில்நுட்பத் தர வரிசையில் 61558 என்ற எண்ணின் கீழ் வரும் பாதுகாப்புப் பிரிப்பு மின்மாற்றியாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. இவ்வகையில் இரு சுருள்களுக்கும் இடையே இரட்டைக் காப்போ, அதற்கு நிகரான வலுவூட்டிய காப்போ இருக்கும். சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி, உறைக்கு எர்த் தேவைப்படாத இரட்டைக் காப்புக் கருவியைக் குறிக்கும். சாய்சதுரத்துக்குள் மூன்று கோடுகள் கொண்ட குறி, மிகைத்தாழ் அழுத்தத்தில் மட்டுமே இயங்க வேண்டிய விளக்கைக் குறிக்கும்.

இந்தப் பிரிவைக் கெடுக்கும் தவறு ஒன்று நல்லெண்ணத்தோடே செய்யப்படுகிறது. 230 வோல்ட் பக்கத்தில் உலோக உறையையும் இரும்பு உள்ளகத்தையும் எர்த் செய்யப் பழகிய கை, 12 வோல்ட் பக்கத்திலும் ஒரு கம்பியை எர்த் முனையில் கட்டிவிடுகிறது. அப்படிக் கட்டாமல் விட்டால்தான் துணைச் சுருள் மண்ணோடு எந்த உறவும் இன்றி மிதந்து நிற்கும். அப்போது ஏதாவது ஒரு கம்பி மண்ணில் பட்டாலும் மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியில்லாததால் ஒன்றும் நிகழாது. கட்டிவிட்டாலோ, வீட்டின் வேறு ஏதோ கருவியில் ஏற்படும் கசிவு எர்த் கம்பியின் அழுத்தத்தை உயர்த்தும்போது, அந்த உயர்வு தோட்டத்தின் கடைசி விளக்கு வரை கொண்டுசெல்லப்படும். மேசை விளக்குக்கும் மோட்டாருக்கும் எர்த் எவ்வளவு இன்றியமையாததோ, இங்கே அது அவ்வளவு வேண்டாதது.

சந்தையில் மின்மாற்றி என்ற ஒரே பெயரில் இயல்பால் வேறுபட்ட பல பெட்டிகள் விற்கப்படுகின்றன. மெல்லிய சிலிக்கன் எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்த சதுர மின்மாற்றி பழமையானது, கனமானது, எளிதில் கெடாதது. அதே எஃகை நீண்ட நாடாவாகச் சுருட்டி வளையமாக்கி, அதன் மேல் கம்பியைச் சுற்றிய வளைய மின்மாற்றி சிறியது, இரைச்சல் குறைந்தது, வெற்றாக ஓடும்போது வீணாக்கும் மின்சாரமும் குறைவு. பாரடேயின் வளையத்துக்கு வடிவில் மிக நெருங்கிய உறவினர் அது. ஆயினும் வளைய உள்ளகத்தில் காற்று இடைவெளி அறவே இல்லாததால், முன்பு அணைத்தபோது எஞ்சிய காந்தம் அதில் அப்படியே தங்கிவிடுகிறது. மறுபடி சுவிட்சைப் போடும் கணம் பொருந்தாமல் அமைந்தால் உள்ளகம் தெவிட்டி, அதாவது அதற்கு மேல் காந்தமாக முடியாத நிலையை எட்டி, ஒரு கணம் மின்னோட்டம் வழக்கமான அளவின் பல மடங்காகப் பாய்கிறது. மின்னோட்டம் மூன்று முதல் ஐந்து மடங்கானதுமே உடனடியாகத் துண்டிக்கும் ‘பி’ வகை எம்.சி.பி., அதாவது மிகை மின்னோட்டத் துண்டிப்பான், இதனால் பழுதேதும் இன்றியே ட்ரிப் ஆகும். ஐந்து முதல் பத்து மடங்கு வரை பொறுக்கும் ‘சி’ வகையே இங்கு ஏற்றது.

எலெக்ட்ரானிக் ட்ரான்ஸ்ஃபார்மர் என்று அழைக்கப்படும் கைக்கடக்கமான பெட்டி, கூரைக்குள் பதிக்கப்படும் ஹாலஜன் விளக்குகளுக்காகப் பிறந்தது. அது மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் சுழற்சிகளாக வெட்டி, சிறு காந்தத்தின் வழியே 12 வோல்ட்டாக்கித் தருகிறது. அந்த உயர் அதிர்வெண் நீண்ட கம்பியில் தூண்டல் தடையால் தேய்வதோடு, கம்பியையே வானொலி அலை பரப்பும் ஏரியலாகவும் ஆக்கிவிடுவதால், உற்பத்தியாளர்கள் பொதுவாகக் கம்பியின் நீளத்தை 2 மீட்டர் அளவுக்குள் வைக்கச் சொல்கின்றனர். போதாக்குறைக்கு, 20 வாட் போன்ற ஒரு குறைந்தபட்சச் சுமை இல்லாவிட்டால் அது இயங்கவே தொடங்காது. 5 வாட் எல்.இ.டி. ஒன்றை மட்டும் மாட்டினால் விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். தோட்டத்துக்கு இது தவறான பொருள் என்று ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிடலாம்.

எஞ்சுவது எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் நிலைமாற்று மின்வழங்கி. இது 12 அல்லது 24 வோல்ட் நேர்த்திசை அழுத்தத்தைத் தருகிறது. உள்ளே வரும் அழுத்தம் ஏறி இறங்கினாலும் வெளியே தருவது மாறுவதில்லை. சாதாரண மின்மாற்றிக்கு அந்தக் குணம் கிடையாது. முழுச் சுமையில் 12 வோல்ட் தருமாறு செய்யப்பட்ட சிறு மின்மாற்றி, சுமை இல்லாதபோது 10 விழுக்காடோ அதற்கு மேலோ உயர்ந்து 13.2 வோல்ட்டைக் காட்டும். நள்ளிரவில் வீட்டு இணைப்பே 250 வோல்ட்டுக்கு ஏறினால் அது 14.3 வோல்ட்டாகும். பெரிய மின்மாற்றி ஒன்றில் ஓரிரு சிறு எல்.இ.டி.களை மட்டும் மாட்டி வைக்கும் தோட்டங்களில் விளக்குகள் அடிக்கடி கருகுவதற்கு இது ஒரு காரணம். மறுபக்கம், மின்வழங்கியின் உள்ளே இருக்கும் மின்பகுளி மின்தேக்கி வெப்பத்துக்கு அஞ்சுவது. வெப்பநிலை 10 டிகிரி கூடும்போதெல்லாம் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. மேற்குச் சுவரில் வெயில் படுமாறு மூடிய தகரப் பெட்டிக்குள் அதைப் பூட்டி வைப்பது அதன் ஆயுளைக் கேட்டு வாங்குவதற்குச் சமம். நிழலும் காற்றோட்டமும் உள்ள வெளித் திண்ணைச் சுவரில், மழைத் தெறிப்பு எட்டாத உயரத்தில் பொருத்தினால் இரு வகையுமே நெடுநாள் உழைக்கும். நீச்சல் குளத்துக்கென்றால் விதி இன்னும் கண்டிப்பானது: நீருக்குள் எரியும் விளக்குக்கு மாறுதிசையில் 12 வோல்ட்டும் நேர்த்திசையில் 30 வோல்ட்டுமே உச்ச வரம்பு. மின்மாற்றியைக் கரையிலிருந்து 3.5 மீட்டருக்கு அப்பால் வைத்துவிடுவது பாதுகாப்பானது.

விளக்குகள் எந்த வகை என்பதைப் பார்க்காமல் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இயலாது. இரண்டு ஊசிமுனை கொண்ட 50 மில்லிமீட்டர் குவியொளி விளக்குகளில் பல, மாறுதிசை, நேர்த்திசை இரண்டையும் ஏற்கும், எல்.இ.டி. நாடாக்கள் நேர்த்திசையை மட்டுமே ஏற்கும். 350 அல்லது 700 மில்லி ஆம்பியர் என்று மின்னோட்ட அளவு மட்டும் அச்சிடப்பட்ட விளக்குகளோ, மாறாத மின்னோட்டம் தரும் தனி வழங்கியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கோக்கப்பட வேண்டியவை. மூன்றாம் வகையை 12 வோல்ட்டில் நேராக மாட்டுவது அந்த விளக்குகளின் கடைசி வெளிச்சமாக முடியலாம்.

மின்மாற்றியின் கொள்திறன் வாட்டில் அல்லாமல் வோல்ட்-ஆம்பியரில் குறிக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. எல்.இ.டி. விளக்கின் உள்ளே இருக்கும் மின்சுற்று, அழுத்த அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தைக் குத்துக் குத்தாக இழுக்கிறது. இதனால் சுருள் சுமக்கும் மின்னோட்டம், விளக்கு உண்மையில் பயன்படுத்தும் திறனுக்குத் தேவையானதைவிட அதிகமாகிறது; இவ்விரண்டின் விகிதமே திறன் காரணி. அது 0.6 அளவுக்கு இறங்குவது அரிதல்ல. 6 வாட் விளக்குகள் பத்து, மொத்தம் 60 வாட், என்று வைத்துக்கொண்டால், அந்தத் திறன் காரணியில் 100 வோல்ட்-ஆம்பியர் ஆகிவிடுகிறது. முழுக் கொள்திறனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஏற்றுவது நல்லதல்ல என்பதால், 150 வோல்ட்-ஆம்பியர் மின்மாற்றியே பொருத்தம். இதே விளக்குகளை நேர்த்திசை மின்வழங்கியில் எரிப்பதானால் 75 வாட்டைத் தாண்டிய அடுத்த அளவு போதும். பின்னாளில் விளக்கு சேர்க்கலாம் என்று 500 வோல்ட்-ஆம்பியர் வாங்கி வைப்பது சிக்கனமல்ல. இரும்பு உள்ளகம் விளக்கு எரியாதபோதும் காந்தமாகிக் காந்தம் இழந்து வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த இழப்பு 5 வாட் மட்டுமே என்றாலும், ஆண்டு முழுவதும் இணைப்பில் விடப்பட்டால் 44 யூனிட் ஆகிறது. சுவிட்சும் டைமரும் 12 வோல்ட் பக்கத்தில் அல்லாமல் 230 வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இனிக் கம்பி. 1.5 சதுர மில்லிமீட்டர் நெகிழ் செப்புக் கம்பியின் தடை, ஆயிரம் மீட்டருக்கு 13.3 ஓம். மின்மாற்றியிலிருந்து 30 மீட்டர் தொலைவில் விளக்குகள் இருந்தால் போகவும் வரவும் 60 மீட்டர் கம்பி; அதன் தடை 0.8 ஓம். 5 ஆம்பியர் அதில் பாயும்போது 4 வோல்ட் கம்பியிலேயே கரைந்து, விளக்குக்கு 8 வோல்ட்தான் போய்ச் சேருகிறது. இதே கம்பியில் இதே 60 வாட்டை 230 வோல்ட்டில் அனுப்பியிருந்தால் இழப்பு 0.2 வோல்ட், ஆயிரத்தில் ஒரு பங்குகூட அல்ல. அழுத்தம் 19 மடங்கு குறைந்ததால் மின்னோட்டம் 19 மடங்கு கூடியது. அதனால் வீழ்ச்சியும் 19 மடங்கானது. அந்த வீழ்ச்சி 19 மடங்கு சிறிய அழுத்தத்திலிருந்து கழிக்கப்படுகிறது. எனவே விழுக்காட்டளவில் இழப்பு 367 மடங்காகிறது. வாய்க்காலின் தலைமடை வயல் செழித்துக் கடைமடை வயல் காய்வதைப் போல, மின்மாற்றிக்கு அருகிலுள்ள விளக்கு பளிச்சென்று எரிய, கோடியிலுள்ள விளக்கு மங்குகிறது.

இழை விளக்குகளின் காலத்தில் இது வெளிச்சக் குறைவோடு முடிந்தது. ஹாலஜன் விளக்கில் அழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். அழுத்தம் குறைந்தால் இழை இழுக்கும் மின்னோட்டமும் குறைவதால் கம்பியின் மீதான சுமை சற்றுத் தணியும். உள்ளே கட்டுப்பாட்டுச் சுற்று கொண்ட எல்.இ.டி. விளக்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. தனக்குரிய 6 வாட்டை எப்படியும் பெற்றுவிட முயலும் அது, அழுத்தம் குறையக் குறைய அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. அந்த மின்னோட்டம் கம்பியின் வீழ்ச்சியை மேலும் கூட்டுகிறது. அழுத்தம் மேலும் குறைகிறது. இதற்கு ஒரு முட்டுச்சந்து உண்டு. 12 வோல்ட் மூலம் ஒன்று 0.8 ஓம் கம்பியின் வழியே மறுமுனைக்குத் தரக்கூடிய உச்சத் திறன், அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவது, அதாவது 45 வாட். 60 வாட் விளக்குத் தொகுதியை 30 மீட்டருக்கு அப்பால் மொத்தமாக வைத்து அந்தக் கம்பியால் எரிப்பது எந்த மின்மாற்றியாலும் முடியாத காரியம். பெட்டி 150 வோல்ட்-ஆம்பியரானாலும் 1,000 வோல்ட்-ஆம்பியரானாலும் முடிவு ஒன்றே. விளக்குகள் மாறி மாறி அணைந்து எரிவதைக் கண்டு மின்மாற்றியை மாற்றிப் பார்ப்பவர்கள், பல நேரம் உண்மையில் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

இதிலிருந்து மீளும் வழிகளுள் மிக எளியது தடித்த கம்பி. 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அதே 5 ஆம்பியருக்கு வீழ்ச்சி 1.5 வோல்ட்டாகச் சுருங்குகிறது. மிக மலிவானது விளக்குகளின் இடத்தை யோசித்து அமைப்பது. பத்து விளக்குகளையும் வரிசையின் நெடுகிலும் சமமாகப் பரப்பினால், முழு மின்னோட்டமும் முழு நீளத்தைக் கடப்பதில்லை. வீழ்ச்சி ஏறத்தாழ பாதியாகிறது. மின்மாற்றியை வரிசையின் நடுவில் வைத்து இரு பக்கமும் கம்பி இழுத்தால், ஒவ்வொரு கிளையும் பாதி மின்னோட்டத்தைப் பாதித் தொலைவுக்கு மட்டும் சுமப்பதால் வீழ்ச்சி அதிலும் கால் பங்காகி, அரை வோல்ட் அளவில் நிற்கிறது. நடுவில் வைக்க இடமில்லாவிட்டால், நடுப்புள்ளி வரை 4 சதுர மில்லிமீட்டர் கம்பியைக் கொண்டுசென்று அங்கிருந்து கிளை பிரிக்கலாம். அந்தத் தடித்த கம்பியில் கூடுதலாக முக்கால் வோல்ட் போகும். விளக்குகள் இடமளித்தால் 24 வோல்ட்டுக்கு மாறுவதே சிறந்த வழி: மின்னோட்டம் பாதி, விழுக்காட்டு வீழ்ச்சி கால் பங்கு, பாதுகாப்போ ஏறத்தாழ அதேதான்.

வீட்டு இணைப்பு 120 வோல்ட்டாக உள்ள அமெரிக்காவில் தோட்ட மின்மாற்றிகள் 12, 13, 14, 15 வோல்ட் எனப் பல முனைகளோடு விற்கப்படுகின்றன. தொலைவிலுள்ள கிளைக்கு 14 வோல்ட்டையும் அருகிலுள்ளதற்கு 12 வோல்ட்டையும் தந்து வீழ்ச்சியை ஈடுகட்டுவது அங்குள்ள வழக்கம். தந்திரம் நல்லதுதான், ஆனால் ஒரே கிளையில் அருகிலும் தொலைவிலும் விளக்குகள் இருந்தால், அருகிலுள்ளது அந்தக் கூடுதல் அழுத்தத்தை முழுமையாகத் தாங்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டுச் சிற்றூர் மின்சாதனக் கடைகளில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்காக விற்கப்படும் தட்டைக் கேபிள், தோட்ட விளக்குக்கும் நன்றாகப் பொருந்துகிறது. நீருக்குள் கிடப்பதற்கென்றே செய்யப்பட்ட உறை அதற்கு இருக்கிறது. அதில் மூன்று கம்பிகள் இருப்பதால், மூன்றாவதை வீணாக விடாமல் இரண்டில் ஒன்றோடு இரு முனைகளிலும் இணைத்துவிட்டால், சுற்றின் மொத்தத் தடை கால் பங்கு குறைகிறது. மண்வெட்டிக்கும் எலிக்கும் கறையானுக்கும் தப்ப, அதை பி.வி.சி. குழாயில் விட்டுப் புதைப்பது நல்லது.

12 வோல்ட்டில் ஷாக் அடிப்பதில்லை என்பதால் தீப்பற்றவும் செய்யாது என்ற நம்பிக்கை தவறானது. மேற்சொன்ன 30 மீட்டர் கம்பியின் கோடியில் இரு கம்பிகளும் ஒட்டிக்கொண்டால் பாயக்கூடியது 12ஐ 0.8ஆல் வகுத்த 15 ஆம்பியர். மின்மாற்றியின் மீது அது ஏற்றும் சுமை 180 வோல்ட்-ஆம்பியர். 150 வோல்ட்-ஆம்பியர் மின்மாற்றிக்கு இது மிகைச் சுமை. ஆனால் 230 வோல்ட் பக்கத்தில் அது வெறும் 0.78 ஆம்பியராகத் தெரிவதால், அங்குள்ள 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. ஆர்.சி.சி.பி.யும் அசையாது, ஏனெனில் மண்ணுக்குக் கசிவு ஏதும் இல்லை. சுருள் மணிக்கணக்காகச் சூடேறிக்கொண்டே இருக்கும். ஆகவே 12 வோல்ட் பக்கத்தில், மின்மாற்றியை ஒட்டியே, ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃபியூஸ் வேண்டும். 5 ஆம்பியர் கிளைக்கு 6.3 ஆம்பியர் தாமத வகை ஃபியூஸ் போதும். சுருளுக்குள்ளேயே வெப்பத் துண்டிப்பான் பதித்த மின்மாற்றிகள் சற்று விலை கூடினாலும் வாங்கத்தக்கவை.

இணைப்பு முனைகளிலும் இதே கணக்குதான். தளர்ந்த திருகு ஒன்றில் 0.1 ஓம் தடை இருந்தால், 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் விளக்கில் அது உண்டாக்கும் வெப்பம் 7 மில்லிவாட். 12 வோல்ட்டில் 2.5 வாட். வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு வடகிழக்குப் பருவமழையைத் தாங்காது. நேர்த்திசை அமைப்பில் கேடு இரட்டிப்பு: ஈரம் புகுந்த இணைப்பில் மின்பகுப்பு நிகழ்ந்து, நேர்முனைச் செம்பு பச்சை உப்பாகக் கரைந்துகொண்டே போகும், மாறுதிசையில் முனைகள் ஓயாது இடம் மாறுவதால் இந்த அரிப்பு பெரிதும் குறைகிறது. கம்பிகளைச் செப்புக் குழலில் வைத்து அழுத்தி, உள்ளே பசை பூசிய வெப்பச் சுருங்கு குழாயால் மூடுவதோ, கூழ் நிரப்பிய இணைப்பியில் செருகுவதோ இரண்டு வகைக்கும் ஏற்ற முறை. விளக்கின் உறையில், தூசியும் நீரும் புகாத அளவைக் குறிக்கும் ஐ.பி. எண் 65 என்றிருந்தால் அது பீய்ச்சும் நீரைத் தாங்கும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் பதிப்பதற்கு 67 வேண்டும், அது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரத்தைத் தாங்குவதாகச் சோதிக்கப்பட்டது.

230 வோல்ட் பக்க வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கும் சுவிட்ச் என்ற வரிசையில் வந்து முதன்மைச் சுருளை அடைய வேண்டும். 12 வோல்ட் பக்கத்தில் அவருடைய சட்டைப்பை டெஸ்டர் உதவாது. அதன் நியான் குமிழ் ஒளிர பல பத்து வோல்ட்டுகள் தேவைப்படுவதால், 12 வோல்ட் உள்ள கம்பியிலும் அது இருண்டே கிடக்கும். விளக்குகள் அனைத்தையும் எரியவிட்டு, கடைமடை விளக்கின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து அளப்பதும், ஒவ்வொரு கிளையின் ஒற்றைக் கம்பியைச் சுற்றி டாங் டெஸ்டரின் வாயை மூடி ஆம்பியரைக் குறித்துக்கொள்வதுமே நம்பத்தக்க சோதனை. விளக்குகளை அணைத்துவிட்டு அளப்பதில் பயனில்லை. மின்னோட்டம் பாயாத கம்பியில் வீழ்ச்சியும் இராது.

தோட்டம் விரிந்து இரண்டாவது மின்மாற்றி வரும்போது, முன்பு இல்லாத ஓர் ஆபத்து நுழைகிறது. மின்மாற்றிக்கு முன்னும் பின்னும் என்ற வேறுபாடு தெரியாது. 12 வோல்ட் பக்கத்தில் 12 வோல்ட் மாறுதிசை அழுத்தத்தை ஊட்டினால், 230 வோல்ட் பக்கத்தில் 200 வோல்ட்டுக்கு மேல் எழும். இரண்டு மின்மாற்றிகளின் வெளியீட்டுக் கம்பிகள் புதருக்கடியில் ஏதோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் தவறுதலாக இணைக்கப்பட்டுவிட்டால், பழுதுபார்க்க வேண்டி ஒன்றின் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவி எடுப்பவரின் கையில், அந்த பிளக்கின் வெற்று ஊசிகளிலேயே அந்த அழுத்தம் நிற்கும்; ஆர்.சி.சி.பி. அந்தப் பாதையில் இல்லாததால் துண்டிக்கவும் செய்யாது. இரு மின்மாற்றிகளின் கிளைகளையும் வெவ்வேறு பெட்டிகளில் முடிப்பதும், பெட்டியின் மூடிக்குள் எந்தக் கிளை எங்கிருந்து வருகிறது என்று அழியாத மையால் எழுதி வைப்பதும், கம்பிகளைப் புதைப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டிய வேலை.